மவுஸ் தானாக நகர்ந்தபோது: சைபர் போர் பற்றி ஓர் எளிய விளக்கம்

வீட்டில் கரண்ட் போனால் நாம் முதலில் செய்வது மெழுகுவர்த்தி தேடுவது அல்ல. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுதான். அங்கேயும் இருட்டு என்றால் ஒரு நிம்மதி: ஃபியூஸ் போனது நம் வீட்டில் இல்லை. தெருவுக்கே இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர், ஊருக்கே இல்லையென்றால் சப்ஸ்டேஷன். காரணம் மழையாக இருக்கும், காற்றாக இருக்கும், பராமரிப்புப் பணியாக இருக்கும், போனால் போகிறது ஒரு அணிலாகக்கூட இருக்கும். வேறொரு நாட்டின் ராணுவ உளவுத்துறை நம் தெருவிளக்கை அணைத்திருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைன் மக்களுக்கும் அப்படித் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இவானோ-பிராங்கிவ்ஸ்க் என்ற பகுதி. மதியம் மூன்றரை மணி வாக்கில், அங்குள்ள மின்விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் முடிகிற நேரம். ஓர் ஊழியரின் திரையில் மவுஸின் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. அவர் மவுஸைத் தொடவே இல்லை. அது நேராகப் போய் ஒரு சப்ஸ்டேஷனின் பிரேக்கரைத் திறந்தது. (மின்துறைப் பேச்சில் பிரேக்கரைத் திறப்பது என்றால் கரண்ட்டை நிறுத்துவது. கதவு, குழாய் எல்லாவற்றுக்கும் நேர்மாறு.) செய்யவா என்று மென்பொருள் கேட்டது, அம்புக்குறி ஆமாம் என்று அழுத்தியது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கணினி அவரையே வெளியே தள்ளியது. திரும்ப உள்ளே நுழையலாம் என்றால் பாஸ்வேர்டு மாறியிருந்தது.

மூன்று மின்விநியோக நிறுவனங்களில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இது நடந்தது. சுமார் 30 சப்ஸ்டேஷன்கள் அணைந்தன, 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. கட்டுப்பாட்டு அறைக்கான யுபிஎஸ்ஸும் நின்றுபோகும்படி முன்கூட்டியே செட் செய்து வைத்திருந்ததால், விளக்கைத் திரும்பப் போட வேண்டியவர்களே இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. எந்தத் தெருவில் கரண்ட் இல்லை என்று மக்கள் சொல்வதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று.

உள்ளே வந்த வழி ரொம்பச் சாதாரணமானது. அதே ஆண்டின் வசந்த காலத்தில் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, அதில் ஒரு வேர்ட் கோப்பு. திறந்தால், இதைப் பார்க்க மேக்ரோவை (கோப்புக்குள் பொதிந்திருக்கும் சிறு நிரலை) இயக்குங்கள் என்று கேட்கும். யாரோ சிலர் இயக்கினார்கள். அதன்பிறகு ஆறு மாதத்துக்கும் மேலாக ஹேக்கர்கள் உள்ளேயே இருந்து, யார் எந்த பாஸ்வேர்டு போடுகிறார்கள், எந்த பட்டன் எதை அணைக்கும் என்று பொறுமையாகப் படித்திருக்கிறார்கள். அரை மணி நேர வேலைக்கு அரை வருடத் தயாரிப்பு.

சரி, கரண்ட் எப்படித் திரும்பி வந்தது? ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சப்ஸ்டேஷனாகப் போய், பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் எல்லா இடத்துக்கும் மின்சாரம் வந்துவிட்டது. அங்கிருந்தவை பழைய காலத்து சப்ஸ்டேஷன்கள், கையால் இயக்கும் வசதி இன்னும் பிடுங்கப்படாமல் இருந்தது. முழுக்க முழுக்க நவீனமாக்கப்பட்ட அமைப்பாக இருந்திருந்தால் இருட்டு இன்னும் நீண்டிருக்கும் என்று பிறகு இதை ஆராய்ந்த பலர் சொன்னார்கள். இதை ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அடிப்படைக்கு வருவோம். சைபர் போர் என்றால் என்ன? இந்தச் சொல்லை நம் தொலைக்காட்சிகள் கண்டபடி செலவழிக்கின்றன. ஒரு அமைச்சகத்தின் இணையதளத்தில் எவனோ ஒருவன் தன் கொடியை வரைந்துவிட்டுப் போனாலும் போர் என்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் அந்நியன் நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகையை எடுத்தால் அவன் திருடன். எதையும் எடுக்காமல் பீரோவில் இருக்கிற பத்திரங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனால் உளவாளி. அடுப்படிக்குப் போய் கேஸ் டியூபை அறுத்துவிட்டுப் போனால் அது நாசவேலை. மூவருமே பூட்டைத் திறந்த விதம் ஒன்றாக இருக்கலாம். வேறுபாடு உள்ளே வந்தபின் என்ன செய்தார்கள் என்பதில்தான்.

உங்கள் ஓடிபியைக் கேட்டு வங்கிக் கணக்கைத் துடைப்பது முதல் வகை, காவல்துறையின் வேலை. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடுபோனது தெரியவந்தது. சீனாதான் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஆனாலும் அமெரிக்கா அதைப் போர் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எல்லா நாடுகளும் உளவு பார்க்கின்றன, அமெரிக்கா இன்னும் அதிகமாகவே பார்க்கிறது. மூன்றாவது வகைதான் சைபர் போர் என்ற பெயருக்குக் கொஞ்சமாவது பொருந்தும்: ஒரு அரசோ அதன் ஆதரவு பெற்றவர்களோ இன்னொரு நாட்டின் மின்சாரத்தை, மருத்துவமனையை, வங்கியை, தொலைத்தொடர்பை வேண்டுமென்றே முடக்குவது.

இதில் பல ரகம் உண்டு. 2007 ஏப்ரல் இறுதியில் எஸ்டோனியா, தலைநகர் தாலினின் நடுவே இருந்த சோவியத் கால வெண்கலப் போர்வீரன் சிலையை வேறு இடத்துக்கு மாற்றியது. ரஷ்யாவுக்கும் அங்குள்ள ரஷ்ய மொழி பேசுவோருக்கும் பெரும் கோபம். அடுத்த மூன்று வாரங்கள் எஸ்டோனியாவின் வங்கிகள், நாளிதழ்கள், அரசுத் தளங்கள் மேல் போலிக் கோரிக்கைகள் வெள்ளமாக வந்து விழுந்தன. பூட்டை உடைக்கவில்லை, வாசலில் ஆயிரம் பேரை நிறுத்தி யாரும் உள்ளே போகவிடாமல் செய்ததுதான். முரட்டு முறை, ஆனால் அரசு வேலை பெரும்பாலும் இணையத்திலேயே நடந்த நாட்டுக்கு அது போதும்.

இதற்கு நேர் எதிர்க்கோடி ஸ்டக்ஸ்நெட். 2010இல் வெளியே தெரிந்த இந்த வைரஸ் ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் மையத்துக்கென்றே தைத்த சட்டை மாதிரி. அந்த மையம் இணையத்தோடு இணைக்கப்படவில்லை; வைரஸ் யுஎஸ்பி டிரைவ் வழியாகப் பயணித்தது. உள்ளே போய் சென்ட்ரிஃபியூஜ்களின் (யுரேனியத்தைச் செறிவூட்ட அதிவேகமாகச் சுழலும் உருளைகளின்) சுழல் வேகத்தை ஏற்றி இறக்கிப் பாழாக்கியது, கண்காணிப்புத் திரையிலோ எல்லாம் நலமே என்று காட்டியது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தது என்பது பரவலான முடிவு, இரண்டுமே ஒப்புக்கொள்ளவில்லை. ஈரானுக்கு எழுதிய கடிதம் வழியில் பல வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது: அந்த வைரஸ் அதிகம் பரவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இப்படி விலாசம் தவறிப் போவதுதான் இந்த ஆயுதத்தின் குணம். அதற்குப் பெரிய சாட்சி நாட்பெட்யா என்ற வைரஸ்.

நம் ஊர்க் கணக்காளர்கள் டேலி வைத்திருப்பது போல, உக்ரைனில் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய எம்.இ.டாக் என்று ஒரு மென்பொருள். அங்கே தொழில் செய்யும் நிறுவனங்களில் பெரும்பாலானவை அதைத்தான் பயன்படுத்தின. அதன் அப்டேட் அனுப்பும் சர்வரை ஹேக்கர்கள் கைப்பற்றினார்கள். அப்டேட் செய்தால் பாதுகாப்பு என்றுதானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்? 2017 ஜூன் 27, உக்ரைன் அரசியலமைப்பு தினத்துக்கு முந்தைய நாள், அந்த அப்டேட் வழியாகவே வைரஸ் இறங்கியது. 300 டாலர் பிட்காயின் கொடுத்தால் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்று திரையில் காட்டியது. பொய். பணம் கட்டினாலும் திரும்பாது, அழிப்பது மட்டுமே நோக்கம். பணயத்தொகைக் கும்பல் போல வேஷம் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

உக்ரைனின் வங்கிகள், விமான நிலையங்கள், மருத்துவமனைகள் படுத்தன. செர்னோபிலில் கதிர்வீச்சைக் கண்காணிக்கும் கணினிகளை அணைத்துவிட்டு ஆட்களே கருவியோடு அளந்தார்கள். ஆனால் உக்ரைனில் கிளை வைத்திருந்த ஒவ்வொரு பன்னாட்டு நிறுவனமும் வைரஸுக்கு ஒரு பாலமாகிவிட்டது. உலகின் மாபெரும் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கின் கணினிகள் உலகம் முழுக்கச் சில மணி நேரத்தில் கருத்தன. நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. உக்ரைன் வரிக்கணக்குக்கும் மும்பைக் கன்டெய்னருக்கும் என்ன சம்பந்தம் என்று லாரி ஓட்டுநரிடம் யார் விளக்குவது!

மெர்ஸ்க்குக்கு இன்னொரு தலைவலி. நிறுவனத்தின் வலையமைப்பில் யார் யார், யாருக்கு என்ன அனுமதி என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்கள் சுமார் 150. ஒன்றுக்கொன்று பேக்கப். ஆனால் எல்லாமே சேர்ந்து அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு பிரதி பிழைத்திருந்தது, ஆப்பிரிக்காவின் கானாவில். காரணம்? வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரண்ட் கட். இணைய வேகம் போதாததால் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொண்டுபோக வேண்டியிருந்தது. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். நஷ்டம் 30 கோடி டாலர் வரை. உலகம் முழுக்க மொத்த நஷ்டம் சுமார் 1,000 கோடி டாலர் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு.

இன்ஷூரன்ஸ் கதை தனி. மெர்க் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் 140 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. இது ரஷ்யா தொடுத்த போர்ச் செயல், போருக்குப் பாலிசி பொருந்தாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன. 2022இல் நியூஜெர்சி நீதிமன்றம் மெர்க் பக்கம் நின்றது; பாலிசியில் இருக்கும் போர் என்ற சொல் ஆயுதமேந்திய போரைத்தான் குறிக்கும் என்றது. 2023இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. ஆக, இது போரா இல்லையா என்பது தத்துவக் கேள்வி மட்டுமல்ல, பணம் யார் கட்டுவது என்ற கேள்வியும்கூட.

அடுத்த சிக்கல், செய்தது யார் என்று கண்டுபிடிப்பது. ஏவுகணை வந்தால் எங்கிருந்து கிளம்பியது என்று ராடார் சொல்லும். வைரஸ் நான்கு நாட்டு சர்வர்களில் ஏறி இறங்கி வரும். வேறொருவன் செருப்பைப் போட்டுக்கொண்டும் வரும். 2018 பிப்ரவரி 9, தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா நேரத்தில் ஏற்பாட்டாளர்களின் கணினிகளை ஒரு வைரஸ் அடித்தது. நிரலைப் பிரித்துப் பார்த்தால் வடகொரிய ஹேக்கர்களின் கைரேகை தெரிந்தது. இன்னும் ஆழமாகப் பார்த்த காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார், அந்தக் கைரேகை வேண்டுமென்றே ஒட்டப்பட்ட போலி என்று காட்டினார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை, ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் 74455 என்ற பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மேல் குற்றம் சாட்டியது. உக்ரைன் மின்வெட்டு, நாட்பெட்யா, ஒலிம்பிக் மூன்றுமே அந்தப் பட்டியலில். தாக்குதல் நடந்த வாரமே வடகொரியாவைத் திருப்பி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் அரசுகள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு, திருப்பி அடி என்பது எனக்குச் சரியான பதிலாகப் படவில்லை. சட்டப்படி வழி மூடவில்லை. ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு, ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான நாட்டுக்குத் தற்காப்பு உரிமை தருகிறது. சைபர் தாக்குதலின் விளைவு குண்டு போட்ட மாதிரி இருந்தால் அதுவும் ஆயுதத் தாக்குதலே என்பது சட்ட வல்லுநர்கள் 2013இல் வெளியிட்ட தாலின் கையேட்டின் வாதம். ஆனால் நடப்பில் வருபவை பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. எவ்வளவு தூரம் போகலாம் என்று தாக்குபவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோட்டுக்குக் கீழே நிற்கும் தாக்குதல்களுக்குப் பதில் சொல்ல வேறு வழிகள் உண்டு. 2022 ஜூலையில் அல்பேனியாவின் அரசு இணையச் சேவைகள் முடக்கப்பட்டன. அந்தச் சின்ன நாடு விசாரித்து, ஈரான்தான் என்று முடிவுக்கு வந்து, செப்டம்பர் 7 அன்று தூதரக உறவையே முறித்துக்கொண்டது. ஈரானியத் தூதரக ஊழியர்கள் 24 மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்றது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது, தடை விதிப்பது, வழக்குப் போடுவது எல்லாம் இந்த வகை. அந்த ஆறு அதிகாரிகளும் அமெரிக்க நீதிமன்றத்தில் வந்து நிற்கப்போவதில்லைதான். அதற்காகப் பயனில்லை என்று சொல்லமாட்டேன். யார், எப்படி என்று ஆதாரத்தோடு பொதுவில் வைத்தால், அடுத்த முறை மற்ற நாடுகள் அதே பூட்டைச் சரிபார்க்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தாக்கப்பட்ட அரசு தன் மக்களிடம் உண்மையைச் சொல்வது. இங்கே நம் கூடங்குளம் வருகிறது. 2019 அக்டோபர் இறுதியில் அணுமின் நிலையக் கணினிக்குள் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) புகுந்ததாகச் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையத்தின் மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையமைப்போடு இணைக்கப்படவில்லை, சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான வலையமைப்பில் ஒரு கணினியில் இருந்தது, உலையை இயக்கும் அமைப்பு தனி, அது பாதிக்கப்படவில்லை என்றது. சைபர் அவசர உதவிக்கான செர்ட்-இன் அமைப்பு இதைச் செப்டம்பர் 4ஆம் தேதியே தெரிவித்திருந்தது. அதாவது, மறுப்பு வந்த நாளில் விஷயம் தெரிந்து கிட்டத்தட்ட எட்டு வாரம் ஆகியிருந்தது. உலை பாதிக்கப்படவில்லை என்ற விளக்கம் நியாயமானதே. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். ஒருமுறை இல்லை என்றுவிட்டு மறுநாள் ஆமாம், ஆனால் என்று ஆரம்பித்தால் அந்த ஆனால் யார் காதிலும் விழாது.

2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஒரு விதி கொண்டுவந்தது: சைபர் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தகவல் சொல்ல வேண்டும். நேரம் போதாது என்று நிறுவனங்கள் முணுமுணுத்தன. கேட்பது நல்லதுதான் என்பேன். ஆனால் தகவல் மேலே மட்டும் போய்க்கொண்டிருந்தால் போதாது, கீழேயும் வர வேண்டும்.

அரசுகள் தங்கள் அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். நாட்பெட்யா அவ்வளவு வேகமாகப் பரவப் பயன்பட்ட கருவிகளில் ஒன்று எடர்னல்ப்ளூ. அது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவானது. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்த அந்த அமைப்பு, மைக்ரோசாஃப்ட்டிடம் சொல்லாமல் தன் வேலைக்கு வைத்துக்கொண்டது. கருவி திருடுபோய் 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டிருந்தும், பல இடங்களில் அதை யாரும் நிறுவவில்லை. மே மாதம் வான்னாக்ரை வைரஸ் அதே ஓட்டையில் புகுந்து பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியது, ஜூனில் நாட்பெட்யா. ஊரில் எல்லார் வீட்டுப் பூட்டிலும் ஒரே கோளாறு என்று காவலருக்குத் தெரிந்தும், என்றைக்காவது உள்ளே போக உதவும் என்று வாயைத் திறக்காமல் இருந்தால் எப்படி? அந்த ஆண்டு நவம்பரில், கண்டுபிடித்த ஓட்டையை எப்போது வெளியே சொல்வது, எப்போது வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் விதிமுறையை வெள்ளை மாளிகை வெளியிட்டது. மற்ற பல நாடுகளில் அந்த அளவுக்கான வெளிப்படைத்தன்மைகூட இல்லை.

இனி, ஓரத்தில் வைத்ததை எடுப்போம். கையால் போட முடிந்த அந்தப் பழைய பிரேக்கர்கள். தாக்குதலை முழுக்கத் தடுக்க முடியும் என்று எந்த அரசாவது சொன்னால் நம்பாதீர்கள். விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுவோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எஸ்டோனியா 2007இல் பட்டதை மறக்கவில்லை. நாட்டின் முக்கியப் பதிவேடுகளின் பிரதியை லக்சம்பர்க்கில் ஒரு தரவுத் தூதரகத்தில் வைத்திருக்கிறது. தூதரகக் கட்டடத்துக்கு உள்ள பாதுகாப்பு அந்த சர்வர்களுக்கும் உண்டு. உக்ரைனும் கற்றுக்கொண்டது. 2022 பிப்ரவரியில், ரஷ்யப் படையெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, அரசின் தரவை வெளிநாட்டில் வைக்கத் தடையாக இருந்த சட்டத்தை மாற்றியது. பிறகு ஏவுகணைகள் தரவு மையங்களைத் தேடி வந்தபோது, பிரதிகள் எல்லைக்கு வெளியே இருந்தன. ஏப்ரலில் மின்கட்டமைப்பு மேல் மறுபடி ஒரு வைரஸ் வந்தது. இந்த முறை உக்ரைனின் அவசர உதவிக் குழுவும் ஸ்லோவாகியாவின் இசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து முன்பே பிடித்துவிட்டார்கள்.

அவ்வளவு தேர்ந்த நாட்டுக்கும் 2023 டிசம்பர் 12 வந்தது. சுமார் 2.4 கோடி சந்தாதாரர்கள் கொண்ட கீவ்ஸ்டார் என்ற அலைபேசி நிறுவனம் ஒரே காலையில் ஊமையானது. குறைந்தது மே மாதத்திலிருந்தே ஹேக்கர்கள் உள்ளே இருந்தார்கள் என்று உக்ரைன் பாதுகாப்புத் துறை பின்னர் சொன்னது. அழைப்பு இல்லை, இணையம் இல்லை, சில இடங்களில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கும் ஒலிக்கவில்லை. மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரில் தெருவிளக்குகளை இயக்கும் கட்டளைகூட கீவ்ஸ்டார் சிம் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சிம் செத்ததும், விடிந்த பிறகும் விளக்குகள் அணையவில்லை. மின்பணியாளர்கள் தெருத்தெருவாகப் போய்க் கையால் அணைத்தார்கள்.